அணையும் பாலமும்: பிரிட்டிஷ் போர்ப் படங்கள் யாரை எண்ணின?

படத்தின் கடைசிச் சில நிமிடங்களில் குண்டுச் சத்தம் கிடையாது. பொழுது விடிந்துவிட்டது. திரும்ப வேண்டிய விமானங்கள் திரும்பிவிட்டன. சாப்பாட்டுக் கூடத்தில் மேசைகள் ஆளில்லாமல் கிடக்கின்றன. யாரோ ஒருவனின் அறையில் கடிகாரம் மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது. வெளியே, குண்டை வடிவமைத்த பொறியாளர் பார்ன்ஸ் வாலிஸ் இடிந்துபோய் நிற்கிறார். 56 பையன்கள் போய்விட்டார்கள். இப்படி ஆகும் என்று தெரிந்திருந்தால் இந்த வேலையைத் தொடங்கியே இருக்க மாட்டேன் என்கிறார். தாக்குதலுக்குத் தலைமை தாங்கிய கை கிப்சன் அவரைத் தேற்றுகிறார். நீங்கள் படுக்கப் போகவில்லையா என்று வாலிஸ் கேட்க, முதலில் சில கடிதங்கள் எழுத வேண்டும் என்று சொல்லிவிட்டுத் தனியாக நடந்து போகிறார். பிள்ளையைப் பறிகொடுத்த வீடுகளுக்கு எழுத வேண்டிய கடிதங்கள்.

1955இல் வெளிவந்த 'தி டாம் பஸ்டர்ஸ்' இப்படித்தான் முடிகிறது. எத்தனை முறை பார்த்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கிற இடம் இது. கொடி இல்லை, ஆரவாரம் இல்லை. அந்த ஆண்டு பிரிட்டனில் மிக அதிகம் பேர் பார்த்த படம், இப்படி ஒரு துக்கத்தில் போய் நிற்கிறது. போர்ப் படம் என்றாலே வீராவேசம் என்று பழகிய கண்ணுக்கு இது ஒரு பெரிய பண்பாகத் தெரியும். பண்புதான், சந்தேகமில்லை. ஆனால் அந்தத் துக்கத்தைச் சுற்றி ஒரு வேலி போடப்பட்டிருக்கிறது. வேலி எங்கே போடப்பட்டது, ஏன் அங்கே போடப்பட்டது என்று பார்த்தால், அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் போர்ப் படங்கள் மொத்தமும் எப்படி வேலை செய்தன என்பது பிடிபடும்.

நடந்தது இது. 1943 மே 16 இரவு, பிரிட்டிஷ் விமானப் படையின் 617ஆம் ஸ்குவாட்ரனைச் சேர்ந்த 19 லங்காஸ்டர் விமானங்கள், 133 பேருடன், ஜெர்மனியின் ரூர் தொழிற்பகுதியை ஒட்டிய அணைகளைத் தாக்கக் கிளம்பின. வெறும் 60 அடி உயரத்தில் பறந்து, தண்ணீர்ப் பரப்பில் தத்தித் தத்திப் போய் அணைச் சுவரில் மோதும் குண்டுகளைப் போட்டன. குளத்தில் ஓட்டாஞ்சில்லு எறிகிற அதே தத்துவம். மோனே அணையும் ஏடர் அணையும் உடைந்தன. ஸோர்ப்பே அணை தாங்கிக்கொண்டது. எட்டு விமானங்கள் திரும்பவில்லை. 53 பேர் இறந்தார்கள், மூவர் சிறைபட்டார்கள். வாலிஸ் சொல்லும் 56 இதுதான். கணக்கு சரி.

மோனே அணையிலிருந்து பாய்ந்த தண்ணீர், ஆற்றுப் போக்கில் சுமார் 10 கிலோமீட்டர் கீழே இருந்த நேஹைம் ஊரை அடித்துக்கொண்டு போனது. அங்கே ஒரு முகாம் இருந்தது. ஜெர்மானிய ஆலைகளில் வேலை வாங்குவதற்காகச் சோவியத் நிலங்களிலிருந்து, பெரும்பாலும் உக்ரைனிலிருந்து, பிடித்து வரப்பட்ட பெண்கள் அதில் அடைக்கப்பட்டிருந்தார்கள். முகாம் இருந்த இடம் தெரியாமல் போயிற்று. நூற்றுக்கணக்கான பெண்கள் அந்த ஒரே இரவில் செத்தார்கள். தாக்குதலில் தரையில் இறந்தவர்கள் மொத்தம் குறைந்தது 1,300 பேர். அவர்களில் பாதிக்கு மேல் இப்படிக் கொண்டுவரப்பட்ட வெளிநாட்டுத் தொழிலாளர்களும் போர்க்கைதிகளும். பிரிட்டனின் நேச நாட்டு மக்கள் அவர்கள். ஹிட்லரின் தோல்விக்காக விமானிகளைக் காட்டிலும் அதிகமாக ஏங்கியிருக்கக் கூடியவர்கள்.

படம் எடுத்தவர்களுக்கு இது தெரியாமல் இல்லை. படத்துக்கு மூலமான பால் பிரிக்ஹில்லின் 1951ஆம் ஆண்டுப் புத்தகமே வெள்ளத்தில் செத்த கைதிகளைப் பற்றிப் பேசுகிறது. படத்தில் வெள்ளம் உண்டு. உடைப்பும் பாய்ச்சலும் மூழ்கும் கட்டடங்களும் சில நொடிகள் வருகின்றன. துக்கம் மட்டும் 56 பேரோடு நின்றுவிடுகிறது.

இதை வெறும் பொய் என்று ஒதுக்கிவிட முடியாது. இந்தப் படங்களை எடுத்தவர்கள் சின்னச் சின்ன விஷயங்களில் காட்டிய அக்கறையைப் பார்த்தால் வியப்பாக இருக்கும். விமானப் படையிடமிருந்து உண்மையான லங்காஸ்டர்களைக் கடன் வாங்கிப் பறக்கவிட்டார்கள். விமானிகள் பயிற்சி எடுத்த டெர்வென்ட் நீர்த்தேக்கத்திலேயே போய்ப் படம் பிடித்தார்கள். கிப்சனாக நடித்த ரிச்சர்ட் டாட், 1944 ஜூன் 6 அன்று நார்மண்டியில் பாராசூட்டில் குதித்தவர். ஒரு அதிகாரி தொப்பியை எப்படிக் கழற்றுவார், கெட்ட செய்தியை எந்தக் குரலில் சொல்வார் என்பதை அவருக்கு யாரும் நடித்துக் காட்ட வேண்டியிருக்கவில்லை. அந்தத் தலைமுறை நடிகர்களில் பாதிப் பேர் சீருடையைக் கழற்றிப் பத்து ஆண்டுகூட ஆகாதவர்கள். திரையரங்கில் உட்கார்ந்திருந்தவர்களும் அப்படியே. சட்டைப் பொத்தான் தவறாக இருந்தால் கண்டுபிடித்துவிடுவார்கள்.

பொருள்களில் இருந்த இந்த நேர்மைதான் கதைக்கும் நம்பகத்தன்மை வாங்கிக் கொடுத்தது. விமானம் உண்மை, சீருடை உண்மை, தேதி உண்மை. ஆகவே கதையும் உண்மை என்று மனம் தானாகவே கூட்டிக்கொள்ளும்.

கதையில் மாற்றங்கள் இருந்தன. சில மாற்றங்களுக்கு வேறு வழி இல்லை. 1955இல் அந்தக் குண்டின் நுட்பம் இன்னும் அரசு ரகசியம். உண்மைக் குண்டு பீப்பாய் போல உருளை வடிவம். படத்தில் பந்து போல இருக்கும். போடுவதற்கு முன் அதைப் பின்னோக்கிச் சுழலவிட வேண்டும் என்பதுதான் கண்டுபிடிப்பின் உயிர்நாடி. படம் அதைப் பற்றி மூச்சே விடாது. ஆனால் வேறு சில மாற்றங்களை எந்த ரகசியச் சட்டமும் கேட்கவில்லை. 60 அடி உயரத்தை இருட்டில் எப்படி அளப்பது? விமானத்தின் அடியில் இரண்டு விளக்குகளைப் பொருத்தி, அவற்றின் ஒளிவட்டங்கள் தண்ணீரில் ஒன்றாகச் சேரும்படி செய்தார்கள். படத்தில் இந்த யோசனை கிப்சனுக்கு வருகிறது, அதுவும் நாடக அரங்கில் மேடை விளக்குகளைப் பார்க்கும்போது. உண்மையில் யோசனை சொன்னவர் விமான உற்பத்தி அமைச்சகத்தின் விஞ்ஞானி பெஞ்சமின் லாக்ஸ்பைசர்.

அமைச்சகம் படத்தில் எப்படி வருகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். தன்னந்தனி மேதை வாலிஸ் கதவு கதவாகத் தட்டுகிறார், அதிகாரிகள் ஃபைலுக்குப் பின்னால் ஒளிகிறார்கள். எதிர்ப்பு இருந்தது உண்மை. குண்டுவீச்சுப் படைத் தலைவர் ஆர்தர் ஹாரிஸ் இதை வெறும் பிதற்றல் என்றே நினைத்தார். ஆனால் 1943 பிப்ரவரி கடைசியில் ஒப்புதல் கிடைத்து, மே நடுவில் தாக்குதலே முடிந்துவிட்டது. மூன்று மாதம்கூட இல்லை. ஒரு அரசு இயந்திரம் அசுர வேகத்தில் ஓடியதற்கான சான்று இது. படத்துக்கோ வேறொரு கதை வேண்டியிருந்தது: பிரிட்டன் ஒரு பெரிய தொழில் வல்லரசாகப் போரிடவில்லை, தோட்டத்துத் தொட்டியில் கோலிக்குண்டு விட்டுப் பார்க்கும் ஒரு வெள்ளந்தி மனிதனைக் கொண்டு போரிட்டது என்ற கதை. கோலிக்குண்டு உண்மை, வாலிஸ் அப்படிச் சோதித்தவர்தான். அவருக்குப் பின்னால் நின்ற ஆலைகளையும் அலுவலகங்களையும் பின்னுக்குத் தள்ளும்போதுதான் அந்தக் கோலிக்குண்டு புராணமாகிறது.

விளைவையும் சொல்ல வேண்டும். ஆயிரக்கணக்கான தொழிலாளர்களை இழுத்து வந்து, மோனே அணையை அதே ஆண்டு செப்டம்பர் கடைசிக்குள் ஜெர்மானியர்கள் கட்டி முடித்துவிட்டார்கள். கட்டுமானம் நடந்த அந்த மாதங்களில் பிரிட்டிஷ் விமானப் படை அங்கே திரும்பி வரவே இல்லை. தாக்குதல் வீண் என்று நான் சொல்லவில்லை. அட்லாண்டிக் கரை அரண்களைக் கட்டிக்கொண்டிருந்த ஆட்களை அது இழுத்தது, பிரிட்டிஷ் மக்களுக்குப் பெரிய தெம்பு கொடுத்தது. படமோ தண்ணீர் பாய்வதோடு கதையை முடித்துக்கொள்கிறது; பார்ப்பவர் மனத்தில் ரூர் பள்ளத்தாக்கு இன்றைக்கும் மூழ்கியே கிடக்கிறது.

இந்தப் படத்தின் வரலாற்று உண்மை பற்றி இன்றைக்கு எழும் சண்டை பெரும்பாலும் கிப்சனின் நாயைச் சுற்றியது. அந்தக் கறுப்பு நாய்க்குக் கறுப்பின மக்களை இழிவாகக் குறிக்கும் வசைச்சொல்லே பெயர். மோனே உடைந்ததை அறிவிக்கும் சங்கேதச் சொல்லும் அதுவே. தொலைக்காட்சியில் போடும்போது அதை வெட்டுவதா வேண்டாமா என்று ஆண்டுக்கணக்கில் விவாதம். அந்தச் சொல் காதில் விழும்போது வலிக்கிறது, அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அது வரலாற்றில் இருந்தபடியே படத்தில் வந்த ஒன்று. நேஹைம் பெண்கள் படத்துக்குள் வராதது பற்றி அதில் பத்தில் ஒரு பங்கு சத்தம்கூட எழுந்து நான் கேட்டதில்லை.

ஏன் இப்படி ஒரு வகைப் படம் அந்தப் பத்து ஆண்டுகளில் குவிந்தது? போர் நடந்துகொண்டிருந்தபோது எடுத்த படங்கள் வேறு மாதிரி இருந்தன. 1942இல் நோயல் கவர்டும் டேவிட் லீனும் சேர்ந்து இயக்கிய 'இன் விச் வி சர்வ்' மூழ்கிய ஒரு கப்பலின் கதை. மவுன்ட்பேட்டன் தலைமையில் இருந்து, 1941 மே மாதம் கிரீட் தீவருகே மூழ்கிய 'கெல்லி' என்ற கப்பலை வைத்துச் செய்தது. அதில் கேப்டன் இருக்கிறார், கடைநிலைச் சிப்பாய் இருக்கிறான், அவர்கள் வீட்டுப் பெண்களும் இருக்கிறார்கள். ஆலைகளுக்குப் போன பெண்களைப் பற்றித் தனிப் படமே வந்தது. எல்லோரும் சேர்ந்து நடத்தும் போர் என்று மக்களை நம்பவைப்பது அன்றைய தேவை. 1950களில் கதை அதிகாரிகளின் விடுதிக்குக் குடிபெயர்ந்துவிட்டது. காரணம் ஓரளவு எளிமையானது: படங்களுக்கு மூலமாக இருந்தவை அதிகாரிகளின் நினைவுக் குறிப்புகள். கப்பல் வேண்டும், விமானம் வேண்டும் என்றால் கடற்படையிடமும் விமானப் படையிடமும் போய் நிற்க வேண்டும்; அவர்கள் திரைக்கதையைப் படித்துப் பார்ப்பார்கள். தங்களை மோசமாகக் காட்டும் கதைக்கு யார் கப்பல் தருவார்?

வெளியே உலகமும் மாறிக்கொண்டிருந்தது. 1947இல் இந்தியா கைவிட்டுப் போயிற்று. ரேஷன் முழுதாக ஒழிய 1954 ஜூலை வரை ஆனது. போரில் ஜெயித்த நாடு இறைச்சிக்காக ஒன்பது ஆண்டு வரிசையில் நின்றது. 1956இல் சூயஸ் அவமானம். ஊருக்கே பெரிய வீடு, கையில் காசு இல்லாமல் போனால், பழைய கல்யாண ஆல்பத்தைப் புரட்டிக்கொண்டு உட்காருமே, அப்படி. அந்த ஆல்பத்தில் 1940 முதல் 1945 வரைதான் படங்கள்.

எல்லாப் படங்களையும் ஒரே தராசில் போடக் கூடாது. 1953இல் வந்த 'தி க்ரூயல் ஸீ'யில் ஒரு காட்சி. மூழ்கிய கப்பலிலிருந்து தப்பிய பிரிட்டிஷ் மாலுமிகள் கடலில் தத்தளிக்கிறார்கள். காப்பாற்ற வரும் கப்பலைப் பார்த்ததும் கையசைக்கிறார்கள். அதே இடத்தில் தண்ணீருக்கு அடியில் ஜெர்மானிய நீர்மூழ்கி இருப்பதாகக் கருவி காட்டுகிறது. நீருக்கடியில் வெடிக்கும் குண்டுகளைப் போட்டால் மேலே மிதப்பவர்கள் பிழைக்க மாட்டார்கள். கேப்டன் போடச் சொல்கிறார். சொந்த ஆட்கள் சாகிறார்கள். நீர்மூழ்கி கிடைத்ததா என்பதும் தெரியவில்லை. பிறகு ஜாக் ஹாக்கின்ஸ் அழுகிறார், கன்னத்தில் கண்ணீர் வழிய. 1953இல் ஒரு பிரிட்டிஷ் கேப்டனைத் திரையில் இப்படிக் காட்டத் துணிவு வேண்டும். அந்தப் படத்தில் இல்லாத ஒன்று உண்டு என்றால், அதற்குப் படத்தைக் குறை சொல்ல முடியாது: நீர்மூழ்கிகளின் சங்கேதச் செய்திகளைப் பிளெட்ச்லி பார்க்கில் உட்கார்ந்து உடைத்தவர்கள். 1974 வரை அது வெளியே சொல்லப்படாத ரகசியம். ஆகவே 1950களின் கடற்போர்ப் படங்கள் எல்லாவற்றிலும் வெற்றி முழுக்க மேல்தளத்தில் நின்று நனைந்தவர்களின் கணக்கில் எழுதப்பட்டது.

டன்கர்க் கதை இன்னும் விசித்திரம். அங்கே சினிமா வருவதற்கு முன்பே புராணம் தயாராகிவிட்டது. மீட்பு முடிந்தது 1940 ஜூன் 4. மறுநாள் இரவே எழுத்தாளர் ஜே. பி. பிரீஸ்ட்லி பி.பி.சி. வானொலியில் பேசினார், கடற்கரைச் சுற்றுலாக்காரர்களை ஏற்றிச் சென்ற உல்லாசப் படகுகள் நரகத்துக்குள் போய் ராணுவத்தைத் தூக்கிவந்த கதையைச் சொன்னார். நெஞ்சைத் தொடும் பேச்சு. 1958இல் வந்த 'டன்கர்க்' படமும் அந்தப் பாதையில்தான் படகுக்காரர்களின் கதையைச் சொல்லுகிறது. மீட்கப்பட்டவர்கள் 3,38,000 பேருக்கு மேல். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவரிலிருந்து கடற்படைக் கப்பல்களிலும் பெரிய கப்பல்களிலும் ஏறியவர்கள். சின்னப் படகுகள் போனது உண்மை. அவற்றில் பலவற்றை ஓட்டியவர்கள் கடற்படை ஆட்கள். மீட்கப்பட்டவர்களில் 1,20,000க்கு மேற்பட்டோர் பிரெஞ்சுக்காரர்கள். மற்றவர்கள் கப்பலேறும் வரை ஜெர்மானியரைத் தடுத்து நின்று கடைசியில் சிறைபட்ட பல்லாயிரம் பேரும் பிரெஞ்சுக்காரர்களே. கோவேறு கழுதைகளோடு வந்திருந்த இந்திய ராணுவப் பிரிவினரும் அந்தப் போர்முனையில் இருந்தார்கள். திரையில் அந்த மணல் முழுக்கப் பிரிட்டிஷ் மணல்.

கதையிலிருந்து தங்களை விட்டுவிட்டால் எப்படி வலிக்கும் என்று பிரிட்டிஷாருக்குத் தெரியாது என்று யாரும் சொல்லிவிட முடியாது. 1945 செப்டம்பரில் ஹாலிவுட்டிலிருந்து 'அப்ஜெக்டிவ், பர்மா!' என்ற படம் லண்டனுக்கு வந்தது. எரால் ஃபிளின் தலைமையில் ஒரு அமெரிக்கக் குழு பர்மாக் காட்டில் ஜப்பானியரைப் போட்டுத் தாக்குகிறது. பிரிட்டிஷ் படை இருக்கிற சுவடே அநேகமாக இல்லை. பத்திரிகைகள் கொதித்தன. எங்கள் பையன்கள் செத்த இடத்தை இவர்கள் தூக்கிக்கொண்டு போகிறார்களே என்ற கோபம். ஒரே வாரத்தில் படம் திரும்பப் பெறப்பட்டது. 1952இல் மறுபடி வந்தபோது, பிரிட்டிஷ் படையின் பங்கைச் சொல்லும் முன்னுரையோடு வந்தது. நியாயமான கோபம். ஆனால் பர்மாவை மீட்ட 14ஆம் படையில் மிகப் பெரும்பான்மையினர் இந்தியச் சிப்பாய்கள். அவர்களோடு கிழக்கு, மேற்கு ஆப்பிரிக்கர்களும் இருந்தார்கள். அடுத்த பத்து ஆண்டில் பிரிட்டன் எடுத்த போர்ப் படங்களில் அவர்களைத் தேடிப் பாருங்கள். 25 லட்சம் பேர் கொண்ட இந்திய ராணுவம், ஒரு படத்தின் நடுவில் நின்று ஒரு வசனம் பேசக் கண்டுபிடிப்பது கடினம்.

இங்கேதான் நான் வந்து சேர நினைத்த பாலம் இருக்கிறது.

'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்', 1957. டேவிட் லீன்தான் இயக்குநர். மூழ்கிய கப்பலின் கதையைச் சொன்ன அதே லீன், 15 ஆண்டுக்குப் பிறகு. ஏழு ஆஸ்கார். கிழிந்த பூட்சுகளோடு, காலில் துணி சுற்றிக்கொண்டு, பிரிட்டிஷ் கைதிகள் சீட்டியடித்தபடி முகாமுக்குள் நடந்து வரும் காட்சியை ஒருமுறை பார்த்தவர் மறப்பதில்லை. அவர்கள் அடிப்பது 1914இல் இயற்றப்பட்ட 'கர்னல் போகி' என்ற ராணுவ நடைமெட்டு. சிப்பாய்கள் அதற்குக் கட்டியிருந்த வரிகள் சபையில் பாடக் கூடியவை அல்ல, அதனால்தான் சீட்டி. கந்தலிலும் கௌரவம் குலையாத பிரிட்டன் என்பது அந்த ஒரு சத்தத்திலேயே வந்துவிடுகிறது. பிறகு படம் அதே கௌரவத்தைத் திருப்பிப் போட்டு வெட்டுகிறது: அலெக் கின்னஸ் நடித்த கர்னல் நிக்கல்சன், ஒழுங்கு, கடமை என்ற வெறியில் எதிரிக்கே அருமையான பாலம் கட்டிக் கொடுத்துவிடுகிறார். போர்ப் படங்களுக்குள் இவ்வளவு ஆழமாகத் தன் இனத்தையே சோதித்துக்கொண்ட படம் குறைவு. லீனின் ரசிகனாக இதை மனதாரச் சொல்கிறேன்.

வரலாறாக எடுத்துக்கொண்டால், இதில் அநேகமாக எதுவும் நிற்காது. தாய்லாந்தின் காஞ்சனபுரிக்குப் பக்கத்தில் தாமர்கான் முகாமில் கைதிகளின் மூத்த அதிகாரியாக இருந்தவர் கர்னல் பிலிப் டூசி. ஜப்பானியரோடு பேசிப் பேசி ஆட்களின் உயிரைப் பிடித்து வைத்தவர். அவருடைய ஆட்கள் கரையானைப் பிடித்து வந்து பாலத்து மரங்களில் விட்டார்கள், காங்கிரீட்டைக் கெடுத்துக் கலந்தார்கள். நிக்கல்சன் பாத்திரத்தைப் பார்த்து அவர்கள் கொதித்ததில் வியப்பில்லை. படத்தில் முகாமை நடத்தும் ஜப்பானிய அதிகாரியின் பெயர் சாய்தோ. அந்தப் பெயரில் உண்மையிலேயே ஒருவர் இருந்தார். முகாமின் இரண்டாம் நிலையில் இருந்தவர், மற்றவர்களோடு ஒப்பிட்டால் மனிதத்தன்மை உள்ளவர். போருக்குப் பிறகு டூசி அவருக்காகப் பரிந்து பேசினார். டூசி இறந்த பிறகு, 1984இல் சாய்தோ இங்கிலாந்துக்கு வந்து அவர் கல்லறையைப் பார்த்துவிட்டுப் போனார். ஜப்பானியருக்குப் பாலம் கட்டத் தெரியாது என்று படம் காட்டுவதும் தவறு, அவர்களுடைய பொறியாளர்கள் கைதேர்ந்தவர்கள். பாலங்கள் இரண்டு: முதலில் மரத்தில் ஒன்று, பிறகு ஜாவாவிலிருந்து கொண்டுவந்த இரும்புத் தூலங்களில் ஒன்று. கமாண்டோ யாரும் வெடிவைக்கவில்லை. 1944-45இல் நேச நாட்டு விமானங்கள் குண்டு போட்டு உடைத்தன. ஆறுகூட வேறு. பாலம் நின்றது மே குலாங் ஆற்றின் மேல். மூலநாவலை எழுதிய பிரெஞ்சுக்காரர் பியர் பூல் அந்த இடத்தைப் பார்த்ததில்லை. படம் வந்த பிறகு உலகமெங்கும் இருந்து ஆட்கள் குவாய் ஆற்றுப் பாலத்தைத் தேடி வரத் தொடங்கினார்கள். தாய்லாந்து அரசு 1960ஐ ஒட்டி ஆற்றின் அந்தப் பகுதிக்குப் பெயரையே மாற்றி வைத்தது.

இந்தப் பிழைகளை எல்லாம் பலர் பலமுறை பட்டியல் போட்டுவிட்டார்கள். அந்தப் பட்டியல்களிலும் பெரும்பாலும் விட்டுப் போகிற ஒரு வரி உண்டு. 1942 நடுவிலிருந்து 1943 அக்டோபர் வரை கட்டிய 415 கிலோமீட்டர் சயாம்-பர்மா ரயில் பாதையில் வேலை செய்த நேச நாட்டுப் போர்க்கைதிகள் 60,000க்கு மேல். அவர்களில் 12,000க்கு மேல் இறந்தார்கள். அதே பாதையில் வேலை செய்த ஆசியத் தொழிலாளர்கள் குறைந்தது 1,80,000 பேர்; ஏறத்தாழ 90,000 பேர் இறந்தார்கள் என்பது பொதுவாக ஏற்கப்படும் மதிப்பீடு. பர்மியர், ஜாவாக்காரர், மலாய்க்காரர், சீனர். மலாயாவிலிருந்து போன சுமார் 75,000 பேரில் மிகப் பெரும்பாலோர் ரப்பர் தோட்டத்துத் தமிழர்கள். மலேசியத் தமிழர் வாயில் அந்தப் பாதைக்குப் பெயர் 'சயாம் மரண ரயில்'. திரையில் வரும் குவாய் முகாமில் அவர்களில் ஒருவர்கூட இல்லை.

ஏன் அவர்கள் அப்படிச் செத்தார்கள் என்பதற்குக் கொடூரம் மட்டும் காரணம் இல்லை. கைதிகளிடம் ராணுவ ஒழுங்கு இருந்தது, சொந்த மருத்துவர்கள் இருந்தார்கள். தண்ணீரைக் கொதிக்கவைக்காமல் குடிக்கக் கூடாது, கக்கூசுக் குழியை இன்ன தூரத்தில் வெட்ட வேண்டும், தட்டை வெந்நீரில் முக்க வேண்டும் என்று கட்டளையிட ஆள் இருந்தது. தோட்டத்திலிருந்து வந்தவர்களிடம் எதுவும் இல்லை. சிலர் பெண்டாட்டி பிள்ளையோடு வந்திருந்தார்கள். 1943 மழைக்காலத்தில் காலரா வந்தபோது, முகாம் முகாமாகப் படுத்தவர்கள் எழுந்திருக்கவில்லை. கைதிகளாக இருந்த பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய மருத்துவக் குழுக்கள் இரண்டை ஜப்பானியர் சிங்கப்பூரிலிருந்து இந்தத் தொழிலாளர் முகாம்களுக்கு அனுப்பினார்கள். மருந்தில்லாமல் அவர்களால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியவில்லை. கைதிகள் ஒளித்து வைத்து எழுதிய நாட்குறிப்புகளில், பாதையோரம் கிடந்த தமிழர்கள் திரும்பத் திரும்ப வருகிறார்கள். பிரிட்டிஷ் கைதிகள் அவர்களைப் பார்த்தார்கள், எழுதியும் வைத்தார்கள். திரைக்குப் போகும் வழியில்தான் அவர்கள் உதிர்ந்துபோனார்கள்.

பியர் பூல் போருக்கு முன் மலாயாவில் பிரிட்டிஷ் ரப்பர் தோட்டத்தில் தொழில்நுட்ப அலுவலராக வேலை பார்த்தவர். விடியற்காலையில் பால்வாளியோடு வரிசைக்கு வந்து நின்றவர்களை மூன்று ஆண்டு அருகிலிருந்து பார்த்தவராகத்தான் இருக்க வேண்டும். படம் பிடித்ததோ இலங்கையில், கித்துல்கலையில், களனி ஆற்றின் மேல். மரத்தை யானைகள் இழுத்தன. 1957 மார்ச்சில் பிரதமர் பண்டாரநாயக்கா முன்னிலையில் ரயிலோடு பாலத்தைத் தகர்த்தார்கள். அந்த மலைகளைச் சுற்றித் தேயிலையும் ரப்பரும், அவற்றின் லயங்களில், அதாவது வரிசைக் குடியிருப்புகளில், தமிழர்கள். மலாயாவுக்குப் போனவர்களைப் போலவே கங்காணி கூட்டிவர வந்தவர்களின் பிள்ளைகள், பேரர்கள். கேமரா எந்தப் பக்கம் திரும்பினாலும் கொஞ்ச தூரத்தில் அவர்கள் இருந்தார்கள்.

போர் முடிந்த 1945 செப்டம்பரிலேயே பிரிட்டிஷ் போர்க் கல்லறைக் குழு ஒன்று ரயிலில் அந்தப் பாதை நெடுகப் போனது. காட்டுக்குள் சிதறிக் கிடந்த 10,000க்கு மேற்பட்ட கைதிகளின் புதைகுழிகளைத் தேடிக் கண்டுபிடித்தது. காஞ்சனபுரியில் இன்று ஏறத்தாழ 7,000 கல்லறைகள் புல் வெட்டி, பூச்செடி வைத்து, வரிசையாக இருக்கின்றன. பெரும்பாலான கற்களில் பெயர், படைப்பிரிவு, வயது. சிலவற்றில் தாய் எழுதச் சொன்ன ஒரு வரி. கிப்சன் எழுதப் போன கடிதங்களின் தொடர்ச்சி போல இருக்கும். தமிழர்களைத் தேடி அப்படி ஒரு ரயில் போகவில்லை. அவர்களை யார் யார் என்று எழுதிய பட்டியலும் இல்லை. சில தோட்டங்களில் திரும்பி வராதவர்களின் பெயரை வீட்டில் இருந்தவர்கள் சொல்லிச் சொல்லி வைத்திருந்தார்கள், அவ்வளவுதான்.

ஆட்களை எப்படிச் சேர்த்தார்கள் என்பதும் அந்த நினைவுகளில் பதிவாகியிருக்கிறது. முதலில் மூன்று மாத வேலை, நல்ல கூலி, சோறு என்று சொன்னார்கள். சிலர் நம்பிப் போனார்கள். போனவர்கள் திரும்பாததால் பிறகு யாரும் வரவில்லை. தோட்டத்துக்கு இத்தனை பேர் என்று கணக்குப் போட்டுப் பிடித்தார்கள். சில ஊர்களில் வேறு ஒரு வழி செய்தார்கள். இலவச சினிமா என்று அறிவித்தார்கள். கொட்டகை நிறைந்ததும் கதவுகளைப் பூட்டினார்கள். உள்ளே இருந்த ஆண்களை அப்படியே ரயிலில் ஏற்றினார்கள்.